நீக்கம் என்னும் பொய்

‘நீக்கம்’ என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பணிநீக்கம், பெயர் நீக்கம், கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கம். எந்த இடத்திலும் நீக்கப்பட்டவர் காற்றில் கரைந்துவிடுவதில்லை. வேலை போனவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு வேளாவேளைக்குப் பசிக்கிறது. நீக்கியவர் கண்ணில் மட்டும்தான் அவர் படுவதில்லை. ‘கழிவுநீரிலிருந்து நிக்கல் நீக்கம்’ என்று தொழிற்சாலைகள் சொல்வதும் இதே அர்த்தத்தில்தான்.

நிக்கல் ஒரு தனிமம். அதை எரித்துத் தீர்க்க முடியாது, மக்க வைக்க முடியாது, எந்த பாக்டீரியாவும் தின்று ஜீரணிக்காது. இன்றைக்கு முலாம் தொட்டியில் கரைந்திருக்கும் ஒரு கிராம் நிக்கல் ஆயிரம் வருஷம் கழித்தும் ஒரு கிராம் நிக்கல்தான். இருந்தும் ‘நிக்கல் நீக்கி’ என்று கேன் கேனாக ரசாயனம் விற்கிறார்கள். வாங்குகிறார்கள். ஊற்றுகிறார்கள். ரிப்போர்ட்டில் எண் இறங்குகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரசாயனங்கள் நிக்கலைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சேற்றில் வைக்கின்றன, அவ்வளவுதான். அந்தச் சேறு எங்கே போகிறது, எத்தனை கிலோ போகிறது என்று கேட்காதவரை சுத்திகரிப்பு என்பது கடனை ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்கு மாற்றி எழுதுகிற வேலை. நிக்கலைப் பிடிக்க வேண்டிய இடம் கழிவுநீர் நிலையத்தின் கடைசித் தொட்டியில் இல்லை. முலாம் தொட்டியின் விளிம்பிலேயே, பொருள் வெளியே வரும் அந்தப் பத்து இருபது நொடியில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி, பல வருஷமாகப் பிளேட்டிங் பட்டறைகளின் கழிவுநீரோடு மல்லுக்கட்டியவன் என்பது மட்டுமே.

‘எனக்கும் நிக்கலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். பாத்ரூம் குழாயின் பளபளப்பைக் குரோமியம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மேலே இருக்கும் குரோமியம் மெல்லிய படலம். அதற்கு அடியில் துருப்பிடிக்காமல் காப்பதும், பளபளப்பில் பெரும்பங்கைத் தருவதும் நிக்கல். பைக்கின் ஹேண்டில்பாருக்கும் இதே கதை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனின் சர்க்யூட் போர்டில் தங்க நிறத்தில் புள்ளிகள் இருக்குமே, பல போர்டுகளில் அந்தத் தங்கத்துக்கு அடியில் இருப்பதும் நிக்கல் அடுக்குதான். மலிவான கம்மலைப் போட்டுக் காது அரித்துப் புண்ணான அனுபவம் உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் நிக்கல்தான். நிக்கல் சேர்மங்களை மூச்சில் இழுப்பது புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே முதல் பட்டியலில் வைத்துவிட்டது. ஆக, நாம் எல்லோரும் இந்தத் தொழிலின் வாடிக்கையாளர்கள். வெளியே நின்று வேடிக்கை பார்க்க யாருக்கும் இடமில்லை.

கழிவு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நிக்கல் முலாமுக்கு உலகம் முழுக்க இன்றும் அடிப்படையாக இருப்பது ஆலிவர் வாட்ஸ் 1916-இல் முன்வைத்த கரைசல். நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். லிட்டருக்கு அறுபது எழுபது கிராம் நிக்கல் கரைந்து நல்ல பச்சையாக இருக்கும். சூடு ஐம்பத்தைந்து டிகிரி அளவில். பொருட்களை ராக்கில் மாட்டி உள்ளே இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, வெளியே எடுத்து, தண்ணீரில் கழுவுகிறார்கள். வெளியே எடுக்கும்போது பொருளின் மேல் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரைசலும் கூடவே வருகிறது. தொழிலில் இதற்கு டிராக்-அவுட் என்று பெயர். கழுவிய தண்ணீரில் அது கலக்கிறது. பட்டறையின் நிக்கல் கழிவில் பெரும்பகுதி இதுதான். ரகசியக் குழாயோ வில்லனோ தேவையில்லை. சொட்டுச் சொட்டாக, ராக் ராக்காக, காசு கொடுத்து வாங்கிய நிக்கல் சாக்கடைக்கு நடந்து போகிறது.

இதைப் பிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பி.எச். அளவைப் பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிக்கல் ஹைட்ராக்சைடாகத் திரளும். பாலி போட்டால் திரள் பெரிதாகி அடியில் படியும். ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தால் பச்சைக் கேக். மலிவான, நாணயமான வழி. சும்மா சொல்லக்கூடாது, எளிய நிக்கல் கழிவுக்கு இன்னமும் இதைவிட நல்ல ரசாயனம் கிடையாது.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலப்பது. குரோமியம் எட்டு, எட்டரையில் நன்றாகப் படியும், மேலே போனால் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். நிக்கலுக்குப் பத்து வேண்டும். ஒன்றுக்குப் பார்த்தால் மற்றொன்று கெடும். சயனைடு கலந்த தண்ணீர் நிக்கலோடு சேர்ந்தால் இன்னும் மோசம். இரண்டும் இறுகக் கட்டிக்கொள்ளும், வழக்கமான குளோரின் முறையில் பிரிப்பது பெரும்பாடு. இரண்டாவது சிக்கல், மின்சாரம் இல்லாமலே முலாம் பூசும் எலக்ட்ரோலெஸ் நிக்கல். உங்கள் போன் போர்டில் இருப்பது இந்த வகை. நிக்கல் கரைசலில் சீராக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதில் சிட்ரிக், லாக்டிக் போன்ற அமிலங்களைச் சேர்க்கிறார்கள். நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி அவை நிக்கலைக் கவ்விக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினாலும் நிக்கல் முழுசாக இறங்கி வராது.

இந்த இடத்தில்தான் ‘ஏஜென்ட்’ உள்ளே வருகிறது. கேனில் வரும் இந்தத் திரவங்களில் பல டைதயோகார்பமேட் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கந்தக அணுக்கள் சிட்ரிக் அமிலத்தைவிடப் பலமாக நிக்கலைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்து, தண்ணீரில் கரையாத திரளாக்கிக் கீழே தள்ளும். வேலை செய்கிறதா? செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. எப்படி விற்கப்படுகிறது என்பதில்தான் என் சண்டை.

விற்பனைக்காரர் வருவார். பெயரும் கம்பெனியும் வேண்டாம், எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். கண்ணாடிக் குவளையில் நம் தண்ணீரை எடுத்து, கேனிலிருந்து சில சொட்டுவிட்டு, கலக்கிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பத்து நிமிஷத்தில் அடியில் சேறு, மேலே தெளிந்த தண்ணீர்.

“பாத்தீங்களா சார், மினரல் வாட்டர் மாதிரி இருக்கு. நிக்கல் போயிருச்சு.”

“எங்க போச்சு?”

“கீழ இருக்கு சார்.”

“அப்ப போகல இல்ல?”

அவர் சிரிப்பார். “அது உங்க ஸ்லட்ஜ் சைடு சார். நம்ம வேலை தண்ணியோட முடிஞ்சிருச்சு.”

‘நம்ம வேலை தண்ணியோட முடிஞ்சிருச்சு.’ இந்தத் தொழிலின் தத்துவம் மொத்தமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அவர் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ வேதியியல் போதும். ஒரு நிக்கல் அயனியைப் பிடிக்க இரண்டு டைதயோகார்பமேட் மூலக்கூறு வேண்டும். சோடியம் டைமெத்தில் டைதயோகார்பமேட்டின் மூலக்கூறு எடை 143, நிக்கலின் அணு எடை 58.7. அப்படியானால் ஒரு கிலோ நிக்கலுக்குக் கிட்டத்தட்ட 4.9 கிலோ ரசாயனம். அது 40 சதவீதக் கரைசலாக கேனில் வந்தால் சுமார் 12 கிலோ. கூடவே வரும் தாமிரம், துத்தநாகம் எல்லாம் தங்கள் பங்கைக் கேட்கும் என்பதால் நடைமுறையில் இதற்கும் மேலே போகும். ஆக ஒரு கிலோ நிக்கலை ‘நீக்க’ பன்னிரண்டு கிலோ திரவத்தை உள்ளே கொண்டுவருகிறோம். நிக்கலுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. இப்போது கேனுக்குக் காசு. அப்புறம் சேற்றை அனுப்பக் காசு. ஒரே உலோகத்துக்கு மூன்று பில்.

இதில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டால்? டைதயோகார்பமேட் என்ற பெயர் விவசாயிகளுக்குப் புதிதில்லை. திராட்சைக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கும் மாங்கோசெப், விதை நேர்த்திக்குப் பயன்படும் தைரம், எல்லாம் ஒரே குடும்பம். பூஞ்சையைக் கொல்வதற்கென்றே பேர் வாங்கிய குடும்பம். நிக்கலோடு சேராமல் மிஞ்சிய பகுதி தண்ணீரோடு வெளியே போகும். நிக்கல் ரிப்போர்ட்டில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதை யாரும் அளக்கவில்லை.

இது கற்பனை பயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைப் பார்க்கலாம். ஆண்டர்சன் என்ற ஊரில் கைட் கார்ப்பரேஷன் என்ற கார் விளக்குத் தொழிற்சாலை இருந்தது. முலாம் பூச்சுக் கழிவுநீரிலிருந்து உலோகங்களைப் பிரிக்க அங்கே எச்.எம்.பி. 2000 என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அதன் உட்பொருள் மேலே சொன்ன அதே சோடியம் டைமெத்தில் டைதயோகார்பமேட். 1999 டிசம்பரில் அது கலந்த கழிவுநீர் நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வைட் ரிவர் ஆற்றில் இறங்கியது. எண்பது கிலோமீட்டர் தூரத்துக்கு மீன்கள் செத்து மிதந்தன. எண்ணிக்கை நாற்பது லட்சத்துக்கும் மேல். 2001-இல் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் ஆற்றைச் சீராக்கும் செலவுமாகச் சுமார் 1.4 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது. ஆற்றைக் கொன்றது கழிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அங்கே ஆற்றைக் கொன்றது கழிவுக்கான மருந்து.

சேற்றின் கதை இதைவிடக் கனமானது. 2015 ஜனவரி கடைசி நாளில், ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அது நிக்கல் சேறு அல்ல, தோல் பதனிடும் கழிவின் சேறு. ஆனால் கேள்வி ஒன்றேதான். தண்ணீரிலிருந்து ‘நீக்கியது’ எங்கே இருந்தது? இரவில் தூங்கிக்கொண்டிருந்த மனிதர்களின் தலைமாட்டில் இருந்தது.

நிக்கல் சேற்றுக்கு விதி இருக்கிறது. 2016-இன் அபாயகரக் கழிவு விதிகளின்படி தொண்ணூறு நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது, ரசீதோடு கும்மிடிப்பூண்டி மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் அது பத்திரமாகப் புதைக்கப்படுகிறது, மறைந்துபோவதில்லை. இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வெறும் நிக்கல் ஹைட்ராக்சைடாகத் தனியே எடுத்த சேற்றை அமிலத்தில் கரைத்து உலோகத்தைத் திரும்ப மீட்கலாம். சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம், கந்தகச் சேர்மம் எல்லாம் கலந்த சேற்றைச் சீண்ட ஆளில்லை. கண்மூடித்தனமாக ஏஜென்ட் ஊற்றுவதால், திரும்ப உலோகமாகியிருக்கக்கூடிய ஒன்றை நிரந்தரக் குப்பையாக்குகிறோம்.

இத்தனைக்கும் நடுவில் சட்டம் என்ன கேட்கிறது? முலாம் பூச்சுத் தொழிலுக்கு இந்தியாவில் நிக்கல் வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 0.02 மில்லிகிராம். நூற்றைம்பது மடங்கு வித்தியாசம். சீனா 2008-இலேயே 0.5 என்றும், பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் பகுதிகளில் 0.1 என்றும் வைத்துவிட்டது. அப்படியானால் நாமும் எண்ணைக் குறைத்தால் போதுமா? எண்ணை மட்டும் குறைத்தால் முதலில் குதித்து ஓடி வருபவர் கேன் விற்பவர்தான். எண் எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு கேன் விற்கும்.

கோளாறு அளக்கும் முறையில் இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது செறிவு. மொத்தம் எத்தனை கிலோ வெளியே போனது என்று அது சொல்லாது. ஒரு கணக்குக்கு, நாளுக்கு 20,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 கிலோ. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 600 கிலோ. மூன்று மில்லிகிராமுக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்ணீரில் போவது வருஷத்துக்கு 18 கிலோ. சட்டப்படி எல்லாம் சரி, பாஸ். மிச்சம் 582 கிலோ? அது சேற்றில். அதைப் பற்றித் தண்ணீர் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூட இருக்காது. அனுமதிக் கடிதத்தில் நாளுக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும், வரம்பில் இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி ‘வருஷத்துக்கு எத்தனை கிலோ தம்பி?’ என்று கேட்ட ஒரு அதிகாரியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

நம் பக்கத்து ஆட்களையும் விட்டுவைக்க எனக்கு மனசில்லை. ‘ரசாயனமே வேண்டாம், இயற்கை முறை இருக்கிறது’ என்பவர்கள். வாழைத்தோலில் நிக்கல் நீக்கம், நெல் உமியில் நிக்கல் நீக்கம், முருங்கை விதையில் நிக்கல் நீக்கம் என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன. செய்தித்தாள்களும் மாணவர் சாதனை என்று படத்தோடு போடுகின்றன. மாணவர்களைக் குறை சொல்லவில்லை, வாழைத்தோல் உண்மையிலேயே நிக்கலை உறிஞ்சும். உறிஞ்சியபின் அந்த வாழைத்தோல் என்ன? நிக்கல் ஏறிய குப்பை. மாட்டுக்குப் போட முடியாது, உரமாக்க முடியாது, எரித்தால் சாம்பலில் நிக்கல். கேன் விற்பவர் சொல்லும் அதே பொய்யைப் பச்சைப் பெயின்ட் அடித்துச் சொல்கிறோம். கேனானாலும் தோலானாலும் கேள்வியை மாற்றக் கூடாது: பிடித்தபின் எங்கே?

சரி, வேறு என்ன செய்வது? பதில் பழையது, மலிவானது, விற்பதற்கு ஆள் இல்லாதது. அதனாலேயே யாரும் வந்து டெமோ காட்டுவதில்லை.

முதலில், ராக்கைத் தொட்டிக்கு மேலேயே பத்துப் பதினைந்து நொடி நிறுத்துங்கள். சொட்டட்டும். தொட்டிகளுக்கு நடுவே சாய்வாக ஒரு பலகை வையுங்கள், சிந்துவது திரும்பத் தொட்டிக்கே வழியும். அடுத்து, முதல் கழுவும் தொட்டியில் தண்ணீரை ஓடவிடாதீர்கள். நிற்கும் தண்ணீரில் நிக்கல் சேரச் சேர, அதையே முலாம் தொட்டிக்குத் திருப்பி ஊற்றலாம். முலாம் தொட்டி ஐம்பத்தைந்து டிகிரியில் இருப்பதால் தினமும் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்குகிறது, அந்த இடத்தை இது நிரப்பும். தொழிலே நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. (திரும்பும் தண்ணீரோடு அழுக்கும் சேரும், கரைசலை வடிகட்டிக் கவனிக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் தெரிந்த கஷ்டம்.)

அதற்கடுத்து எதிரோட்டக் கழுவல். பொருள் ஒரு திசையில் போக, தண்ணீர் எதிர்த்திசையில் வரும். மணிக்கு ஒரு லிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய வேண்டும் என்றால், ஒரே தொட்டியில் மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். எதிரோட்டத்தில் இரண்டு தொட்டி வைத்தால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று வைத்தால் 10. ஆயிரம் எங்கே, பத்து எங்கே! கடைசியாக, நிக்கல் தண்ணீரைக் குரோமியம், சயனைடு தண்ணீரோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். தனிக் குழாய், தனித் தொட்டி. இவ்வளவும் செய்தபின் எலக்ட்ரோலெஸ் கழிவில் கொஞ்சம் நிக்கல் அடம்பிடித்து நிற்கும். அங்கே, அளந்து, மிஞ்சாமல், ஏஜென்ட்டைப் போடுங்கள். அதற்குரிய இடம் அதுதான். கடைசியில் எடுக்க வேண்டிய துடைப்பத்தை முதலிலேயே எடுத்து வீசிக்கொண்டிருக்கிறோம்.

“சார், நாங்க ஜாப் ஒர்க் பண்றவங்க. இன்னொரு தொட்டி வைக்க எடம் எங்க இருக்கு? ராக்க பத்து செகண்ட் நிறுத்துனா நாளைக்கு எத்தனை ராக் குறையும் தெரியுமா?” பட்டறை முதலாளிகள் என்னிடம் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பீஸுக்குச் சில ரூபாய் கூலிக்கு மேல் தர மறுப்பது அவருக்கு வேலை தரும் பெரிய கம்பெனி. அதே கம்பெனி தன் ஆண்டறிக்கையில் பசுமை பற்றி நாலு பக்கம் எழுதும். பத்து நொடிக்கான கூலியை அந்தக் கம்பெனி தர வேண்டும். ஆனால் முதலாளியும் ஒன்றை மறக்கக் கூடாது. நிக்கலை நாம் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறோம். 2022 மார்ச்சில் அதன் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, லண்டன் உலோகச் சந்தை வியாபாரத்தையே நிறுத்திவைத்தது. அவ்வளவு நிலையில்லாத ஒரு சரக்கைச் சாக்கடையில் விட்டு, அதைப் பிடிக்க இன்னொரு சரக்கை வாங்குவது எந்த ஊர் வியாபாரம்?

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒரு கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பட்டறையும் வருஷத்துக்கு எத்தனை கிலோ நிக்கல் வாங்குகிறது என்பது அதன் பில்லிலேயே இருக்கிறது. பொருள் மேல் எத்தனை கிலோ ஏறியது என்பதைப் பூச்சின் தடிமனும் பரப்பும் சொல்லிவிடும். சேற்றில் எத்தனை கிலோ, தண்ணீரில் எத்தனை கிலோ என்று ஆய்வகம் சொல்லும். வரவையும் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வாரியத்தில் கொடுக்கட்டும். வாரியம் அதை இணையத்தில் போடட்டும். கேனில் என்ன ரசாயனம், எத்தனை கிலோ ஊற்றினார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். மளிகைக் கடை அண்ணாச்சி தினமும் ராத்திரி கடை சாத்துமுன் செய்வதைத்தான் கேட்கிறேன்.

உங்களில் பலர் இனி ஏதாவது ஒரு செய்தியில் ‘99 சதவீத நிக்கல் நீக்கம்’ என்று படிக்கப் போகிறீர்கள். ஷேர் செய்யுமுன் ஒரே ஒரு கமென்ட் போடுங்கள்: எங்கே வைத்திருக்கிறீர்கள், எத்தனை கிலோ?